ஒரே செயல், இரு வேறு நடவடிக்கை: ஏலமலை எல்லையில் பாலினமும் இளைஞர் நீதியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

குற்றம் சாட்டப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எந்தச் செய்தியையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015இன் 74ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அது தேவையான தடை. ஆகவே இந்த ஆய்வில் வரும் பெண்ணும் பையனும் உண்மையில் வாழும் எவரும் அல்லர். கேரள எல்லையில் பாடுபடும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் சூழலையும், சட்டம் அங்கே சென்று சேரும் வழியையும் கருத்தில் கொண்டு பயிற்சி நோக்கில் கட்டமைக்கப்பட்ட நிகழ்வு இது. இதில் பேசப்படும் காவல் நிலையமோ, குழந்தைகள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமமோ, இல்லமோ குறிப்பிட்ட எந்த அலுவலகத்தையும் சுட்டவில்லை. சட்டப் பிரிவுகளும் விதிகளும் தீர்ப்புகளும் மட்டும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

ஆராய வேண்டிய கேள்வி இதுதான். ஒரே மாலையில், ஒரே தோட்டத்தில், ஒரே செயலைச் செய்த ஒரே வயதுடைய இரு குழந்தைகளில் பையன் அன்றிரவே வீட்டுக்குப் போனான். பெண் 38 நாள்கள் இல்லத்தில் இருந்தாள். இறுதியில் இருவருக்கும் கிடைத்த ஆணையோ ஒன்றே: அறிவுரை கூறி அனுப்புதல். அப்படியானால் அந்த 38 நாள்களுக்குச் சட்டத்தில் என்ன பெயர்?

இடமும் குடும்பங்களும்

இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலைத் தாலுகாவில் ஏலத்தோட்டங்கள் மலை மலையாகத் தொடர்கின்றன. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் போல இந்தப் பகுதியும் கேரளத்தோடு நின்றுவிட்டது. ஆனால் மலையில் காய் எடுக்கும் கைகளில் பெரும்பகுதி அன்றும் இன்றும் தமிழ்க் கைகளே. தலைமுறைகளாக லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருப்போர் ஒரு சாரார். கம்பம், போடி, கூடலூர்ப் பக்கங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மேலே ஏறி, பிற்பகலில் இறங்கிவிடும் பெண்கள் மற்றொரு சாரார். ஒரே குடும்பத்தின் கிளைகள் மலைக்கு மேலும் கீழுமாக, இரு மாநிலங்களில் பிரிந்திருப்பது இங்கே வழக்கமான ஒன்று.

நம் நிகழ்வில் பெண்ணுக்கு 16 வயது. தகப்பனார் இல்லை. தாய் நாள்தோறும் ஜீப்பில் ஏறிப் போய்க் காய் எடுப்பவர். மகள் கம்பம் பக்கத்து அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள்; சனிக்கிழமைகளில் மட்டும் தாயோடு மலைக்கு வருவாள். பையன் அவளுடைய அத்தை மகன். அவனுக்கும் 16 வயது நடக்கிறது. தோட்டத்து லயத்தில் பிறந்து, ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இப்போது செடிகளுக்கு மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறான்.

நடந்தது

காய்ப்புக் காலத்தில் ஒரு சனிக்கிழமை. தீபாவளிக்கு முன்பணம் தருவதாகச் சொல்லி, பச்சைக்காய் பறித்துக்கொண்டு வரும்படி அந்த இருவரையும் ஏற்பாடு செய்தவர் ஒரு வியாபாரி, நடுத்தர வயதுக்காரர். பிற்பகல் ஜீப்பில் தாய் இறங்கிவிட்டார். மகள் அத்தை வீட்டில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். இருட்டும் நேரத்தில் இருவரும் ஒரு சாக்கோடு சாலைக்கு ஏறும்போது தோட்டத்து வாட்சர்கள் பிடித்தார்கள். இருசக்கர வண்டியோடு காத்திருந்த வியாபாரி கிளம்பிப் போய்விட்டார். சாக்கில் இருந்தது ஏறத்தாழ ஆறு கிலோ பச்சைக்காய். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ அளவுக்கு நிற்கும் என்பது தோட்டத்துக் கணக்கு. எப்படிப் பார்த்தாலும் பொருளின் மதிப்பு 5,000 ரூபாயைத் தொடவில்லை. முழுவதும் தோட்டத்துக்கே திரும்பிவிட்டது.

காவல் நிலையத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் பையனுக்கு இரண்டு அறை விழுந்தது. அவனுடைய தகப்பனாரும் தோட்டத்துக் கங்காணியும் வந்து எழுதிக் கொடுத்ததும் அவனை அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். பெண்ணுக்காக நின்றவர் அவளுடைய அத்தை. "எங்க அண்ணன் மக சார் இவ. எங்க வீட்டுல வேண்டாம்னா பக்கத்து லயத்துல எங்க சித்தி இருக்காங்க, அங்க படுக்க வைக்கிறேன். விடிஞ்சதும் முதல் ஜீப்புல மதினி வந்துரும்" என்று அவர் கேட்டதை நிலையம் ஏற்கவில்லை. உடன் பிடிபட்ட பையன் இருக்கும் குடும்பத்தில் விட முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். பெண் காவலர் அந்த நேரத்தில் நிலையத்தில் இல்லாததால் வேறிடத்திலிருந்து வரவழைத்து, நள்ளிரவுக்குச் சற்று முன் அவளைப் பெண்களுக்கான ஒரு தங்கும் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள்.

மறுநாள் விடுமுறை என்பதால் குழுமத்தின் தனி உறுப்பினர் ஒருவர் முன் அவள் நிறுத்தப்பட்டாள். தாய் வந்திருந்தார். மலையாளத்தில் எழுதிய தாளில் கைநாட்டு வாங்கப்பட்டது. குழந்தையின் குடும்பப் பின்னணி பற்றி நன்னடத்தை அலுவலர் தரும் சமூக விசாரணை அறிக்கை வரும் வரை, விசாரணைக் காலத்தில் குழந்தைகளை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் அவளை வைக்க ஆணையாயிற்று. பெண் குழந்தைகளுக்கான இல்லம் வேறொரு மாவட்டத்தில் இருந்தது. அறிக்கை 24ஆம் நாள் வந்தது. அன்று பையன் தகப்பனாரோடு வந்து, நடந்ததை ஒப்புக்கொண்டு, அறிவுரையோடு திரும்பினான். பெண்ணுக்கு அதே அமர்வில் பிணை கிடைத்தது. ஆனால் அந்த மாவட்டத்தில் நிலமுள்ள இருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தினக்கூலிக்குப் போகும் விதவைத் தாய்க்கு, வேற்று மாநிலத்தில் நில வரி ரசீதோடு வந்து நிற்க யார் இருக்கிறார்கள்? 38ஆம் நாள், இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் மனுப் போட்டபின், தாயின் சொந்தப் பிணைப் பத்திரத்தின் பேரில் அவள் வெளியே வந்தாள். மூன்றாம் மாதத்தில் அவளுக்கும் அறிவுரை கூறி வழக்கு முடிக்கப்பட்டது.

முதல் இரவில் தவறிய சட்டம்

செடியிலிருந்து காய் பறித்தது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவில் வரும் சாதாரணத் திருட்டு. உச்சத் தண்டனை மூன்று ஆண்டுகள். உலர வைத்துக் கட்டிய காயை ஸ்டோரிலிருந்து எடுத்திருந்தால், பொருள் காப்பிடத்தில் திருட்டு என 305ஆம் பிரிவுக்குப் போய் உச்சத் தண்டனை ஏழு ஆண்டுகளாக ஏறியிருக்கும். இந்த வேறுபாட்டை முதல் இரவிலேயே பார்த்திருக்க வேண்டும். மூன்றாண்டு வரை தண்டனையுள்ளதை இளைஞர் நீதிச் சட்டம் சிறு குற்றம் என்கிறது. சிறு குற்றத்தின் விசாரணை, குழந்தை முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களில் முடிய வேண்டும். நீட்டித்தாலும் மேலும் இரண்டு மாதங்கள்தான். அதற்குள் முடியவில்லை என்றால் நடவடிக்கையே முடிந்துபோகும் என்பது 14ஆம் பிரிவு.

2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளில் 8ஆம் விதி இன்னும் தெளிவானது. கொடுங்குற்றம் சாட்டப்பட்டாலோ, வயது வந்தவரோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோ தவிர, குழந்தையின் மேல் முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். இந்நிகழ்விலோ முதல் தகவல் அறிக்கை பதியப்பட்டது. அதில் இரு குழந்தைகளின் பெயர்கள் மட்டும் இருந்தன. அறிக்கை பதிவதை நியாயப்படுத்தக்கூடிய ஒரே மனிதரான வியாபாரி அதில் இல்லை. குழந்தைகளைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் வயது வந்தவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 83(2) பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு ஏட்டில் ஏறவே இல்லை. இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்தே இழைக்கப்பட்ட அநீதி இது.

இருட்டியபின் பெண்ணைக் கைது செய்வதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43(5) பிரிவின்படி சூரிய அத்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும், விதிவிலக்கான சூழல் இருந்து, பெண் காவல் அலுவலர் எழுத்து மூலம் நடுவரின் முன் அனுமதி பெற்றாலன்றி, பெண்ணைக் கைது செய்யலாகாது. இந்த விதி எதற்காக எழுதப்பட்டது? இரவில் ஒரு பெண் வீட்டில் இருக்க வேண்டும், காவலர் கையில் இருக்கக் கூடாது என்பதற்காக. அந்த இரவில் அது தலைகீழாகப் பயன்பட்டது: பெண் காவலர் இல்லை என்பதே அவளை வீட்டுக்கு அனுப்பாமல் வேறிடம் கொண்டுபோகக் காரணம் ஆயிற்று.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பிணையில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்று கூடப் பார்ப்பதில்லை. ஜாமீன்தாரரோடோ ஜாமீன்தாரர் இல்லாமலோ குழந்தையைப் பிணையில் விடு, அல்லது நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலோ தகுதியுள்ள ஒருவரின் பராமரிப்பிலோ ஒப்படை என்கிறது. அத்தை சுட்டிக்காட்டிய சித்தி அப்படித் தகுதியுள்ளவரா என்று பார்த்துவர ஒரு காவலருக்கு அரை மணி நேரம் போதும். யாரும் போகவில்லை. விட முடியாது என்றே வைத்துக்கொண்டாலும், நிலையப் பொறுப்பாளர் குழந்தையைக் கூர்நோக்கு இல்லத்திலோ சட்டம் சொல்லும் பாதுகாப்பிடத்திலோதான் வைக்கலாம் என்பது அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு. வயது வந்த பெண்கள் தங்கும் விடுதிக்கு அங்கே இடமே இல்லை.

பாலினமா, எல்லையா?

இங்கே நேர்மையாக ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். பெண் என்பதால் இப்படி நடந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? பையனின் தகப்பனார் கூப்பிடு தூரத்தில் இருந்தார். பெண்ணின் தாய் மலைக்குக் கீழே இருந்தார். பையன் கேரளத்தில் வசிப்பவன். பெண் தமிழ்நாட்டில் வசிப்பவள். வெளி மாநிலக் குழந்தை விசாரணைக்குத் திரும்பி வருமா என்ற ஐயம் எந்த அலுவலருக்கும் எழும். வேறுபாட்டுக்குக் காரணம் பாலினம் அல்ல, முகவரி என்று ஒருவர் வாதிடலாம்.

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைத் தள்ளிவிடக் கூடாது. எல்லையோரத் தமிழ்க் குழந்தைகளின் வழக்குகளில் மாநிலம் மாறுவது எப்போதும் ஒரு சுமை. ஆனால் இருவரையும் இடம் மாற்றி வைத்துப் பார்ப்போம். கம்பத்திலிருந்து வந்தவன் பையனாகவும், லயத்துப் பிள்ளை பெண்ணாகவும் இருந்திருந்தால், அந்தப் பையனை அன்றிரவு மாமா வீட்டில் விட நிலையம் தயங்கியிருக்குமா? "நாளைக்கு உங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா" என்ற ஒரு வாக்கியத்தோடு அது முடிந்திருக்கும் என்பதே என் கணிப்பு. லயத்துப் பெண்ணோ தகப்பனார் வந்து நின்றாலும் விடிய விடிய விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இது வெறும் ஊகம் என்று தோன்றினால், ஊகத்துக்கு வெளியே ஒரு சான்று இருக்கிறது. அது சமூக விசாரணை அறிக்கைகள். பெண்ணின் அறிக்கையில் மூன்று வாக்கியங்கள் முடிவைத் தீர்மானித்தன: இரவு நேரத்தில் ஆணுடன் காணப்பட்டவர், கைப்பேசி பயன்படுத்துபவர், தாயால் கட்டுப்படுத்த இயலாதவர். பையனின் அறிக்கை ஒரே பக்கம். தீய பழக்கம் இல்லை, தகப்பனார் பொறுப்பேற்கிறார் என்பதோடு முடிகிறது. இருவரும் ஒரே இரவில் ஒரே இடத்தில் சேர்ந்துதான் பிடிபட்டார்கள். அவள் ஓர் ஆணுடன் காணப்பட்டாள் என்றால் அவனும் ஒரு பெண்ணுடன் காணப்பட்டவன்தான். ஒரே உண்மை ஓர் அறிக்கையில் குறையாக எழுதப்பட்டு, மற்றொன்றில் எழுதப்படவே இல்லை. முகவரியால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

சட்டத்தைப் பொறுத்தவரை இந்தத் தர்க்கம்கூடத் தேவையில்லை. 3ஆம் பிரிவு அடுக்கும் அடிப்படைக் கோட்பாடுகளில் சமத்துவக் கோட்பாடும் ஒன்று. பாலினம், சாதி, இனம், பிறந்த இடம், உடற்குறை என எந்தக் காரணத்தாலும் குழந்தையை வேறுபடுத்தக் கூடாது என்பது அதன் சாரம். பாலினமும் பிறந்த இடமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. காரணம் இரண்டில் எதுவாக இருந்தாலும் அது தடை செய்யப்பட்ட காரணமே.

"ஒழுக்க ஆபத்து" என்ற வாசல்

பிணை மறுக்க 12ஆம் பிரிவு மூன்றே காரணங்களை அனுமதிக்கிறது. விடுவித்தால் குழந்தை அறியப்பட்ட குற்றவாளியோடு சேர நேரும். அல்லது ஒழுக்க, உடல், உள ரீதியான ஆபத்துக்கு உள்ளாகும். அல்லது நீதியின் நோக்கம் கெடும். முதல் காரணமும் மூன்றாம் காரணமும் ஓரளவு சோதித்துப் பார்க்கக்கூடியவை. நடுவில் உள்ள "ஒழுக்க ஆபத்து" என்பதை எதைக் கொண்டு அளப்பது? அளவுகோல் சட்டத்தில் இல்லை. ஆகவே எழுதும் கையில் இருக்கும் ஊர் வழக்கமே அளவுகோலாகிவிடுகிறது. பையன் இரவில் வெளியே நிற்பது ஊர் வழக்கத்துக்கு மாறானதல்ல. பெண் நிற்பது மாறானது. இப்படித்தான் பாலினம் என்ற சொல் எங்குமே வராமல் பாலினப் பாகுபாடு ஆணைக்குள் நுழைகிறது. காரணத்தையும் சூழலையும் எழுத்தில் பதிய வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுவது இதைத் தடுக்கத்தான். ஆனால் "ஒழுக்க ஆபத்து உள்ளது" என்று சட்டத்தின் சொல்லையே திருப்பி எழுதிவிட்டால் அது காரணம் ஆகாது. யாரால், எங்கே, என்ன ஆபத்து என்பது வர வேண்டும். இந்நிகழ்வில் பெண்ணுக்கு உண்மையான ஆபத்து ஒன்று இருந்தது. அது அவளைத் திருட ஏவிய வியாபாரி. அவரைப் பற்றி ஆணையில் ஒரு சொல்லும் இல்லை.

பழைய சட்டங்களில் இந்த எண்ணம் வெளிப்படையாகவே இருந்தது. 1986ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பையன்களுக்கு 16 வயதையும் பெண்களுக்கு 18 வயதையும் எல்லையாக வைத்தது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, தங்களுக்குக் கட்டுப்படவில்லை என்று பெற்றோர் முறையிட்டால் எந்தக் குற்றமும் செய்யாத பிள்ளையையும் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்ப வழி செய்தது. 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 என்று வயதைச் சமப்படுத்தியது; "கட்டுக்கடங்காத" பிள்ளை என்ற வகையும் போயிற்று. 1990இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற ரியாத் வழிகாட்டு நெறிகளின் 56ஆம் நெறி, வயது வந்தவர் செய்தால் குற்றம் ஆகாத எதுவும் இளையவர் செய்தாலும் குற்றம் ஆகக் கூடாது என்று கேட்கிறது; எழுத்தளவில் நம் சட்டம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் "தாயால் கட்டுப்படுத்த இயலாதவர்" என்ற வாக்கியம் ஓர் அறிக்கையில் அமர்ந்து ஒரு பெண்ணை உள்ளே வைக்கும்போது, நீக்கப்பட்ட அந்த 17ஆம் பிரிவே பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. அறிக்கைப் படிவமும் அதற்கு இடம் தருகிறது: நண்பர்களில் பெரும்பாலோர் ஒரே பாலினத்தவரா, எதிர்ப்பாலினத்தவரா என்று கேட்கும் இடம் அதில் உண்டு. கேள்வி இருபாலருக்கும் பொதுவானதுதான்; பதிலின் விலை மட்டும் பொதுவானதல்ல.

வயது வந்த ஒருவர் இதையே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பது பயனுள்ளது. 303(2) பிரிவின்படி, திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவராகவும் இருந்து, பொருளும் திருப்பித் தரப்பட்டால், அவருக்குரிய தண்டனை சமூக சேவை. முப்பது வயது ஆணுக்குச் சிறைக் கம்பியே இல்லாத ஒரு குற்றத்துக்காக, குழந்தை என்று சட்டம் தாங்கிப் பிடிக்க வேண்டிய 16 வயதுப் பெண் 38 நாள்கள் வீட்டைவிட்டு வெளியே வைக்கப்பட்டாள். இதைப் பாதுகாப்பு என்று அழைக்க என்னால் முடியவில்லை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசியலமைப்பின் 15(3) உறுப்பு இடம் தருகிறதே என்று கேட்கப்படலாம். மது விற்கும் இடங்களில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்த பஞ்சாப் கலால் சட்டப் பிரிவைப் பற்றிய அனுஜ் கர்க் வழக்கில், 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் வரும் ஏற்பாடு உண்மையில் பெண்ணின் சுதந்திரத்தைப் பறிக்கிறதா என்று ஆராய வேண்டும். பாதுகாப்பான சூழலை உண்டாக்குவது அரசின் கடமையே அன்றி, பெண்ணை விலக்கி வைப்பது அதற்கு மாற்று அல்ல என்பதே அத்தீர்ப்பின் போக்கு. வயது வந்த பெண்களைப் பற்றிய வழக்கு அது என்றாலும், நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 3ஆம் பிரிவே குழந்தைகளுக்குச் சொல்லிவிட்ட பிறகு, இங்கே அது இன்னும் வலுவாகப் பொருந்தும்.

பையனுக்குக் கிடைக்காதது

அவன் தப்பித்துக்கொண்டான் என்று படித்தால் இந்நிகழ்வைப் பாதிதான் படித்ததாகும். பையன்தானே, இரண்டு போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணமும் பாலினப் பாகுபாடே. காவலில் குழந்தையை அடிப்பதற்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. குழுமத்தின் முன் அவன் வந்தபோது யாரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை. அவன் ஏன் பள்ளியை விட்டான், மருந்தடிக்கும்போது முகத்துக்கு என்ன கட்டிக்கொள்கிறான், கூலி யார் கையில் போகிறது, வியாபாரியிடம் எத்தனை நாளாகப் பழக்கம் என எதுவும் அந்த ஒரு பக்க அறிக்கையில் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட குழந்தையே பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகவும் இருக்கலாம் என்பதைச் சட்டம் உணர்ந்திருக்கிறது. எந்தக் கட்டத்திலும் அந்தப் பொருளைக் குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்பக் குழுமத்துக்கு 8ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. தகப்பனார் இருக்கிறார் என்பதாலேயே பையன் பாதுகாக்கப்பட்டவன் என்று வைத்துக்கொள்ளப்பட்டான். வழக்கு முடிந்த மறுநாள் அவன் மருந்துக் குழாயைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனான்.

மொழி

குழந்தைக்குப் புரியாத மொழியில் நடவடிக்கை நடந்தால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது குழுமத்தின் கடமை என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தையும் பெற்றோரும் நடவடிக்கையின் ஒவ்வொரு படியிலும் விவரம் அறிந்து பங்கேற்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். மலையில் எல்லோருக்கும் பேச்சு மலையாளம் புரியும், அதனால் இது பெரிய குறை அல்ல என்று சொல்லப்படுவது உண்டு. தோட்டத்தில் கூலி பேசப் போதுமான மொழி வேறு. "குழந்தையைக் கட்டுப்படுத்த இயலவில்லை" என்று தன் பெயரில் எழுதப்பட்ட வாக்குமூலத்தைப் படித்து மறுக்கத் தேவையான மொழி வேறு. இங்கே தாயிடம் கேட்கப்பட்டது, "உன் மகள் உன் பேச்சைக் கேட்பாளா?" என்பது. "எங்கே சார் கேக்குறா" என்று எந்தத் தாயும் சலித்துக்கொள்வது போலத்தான் அவரும் சொன்னார். அந்தச் சலிப்புதான் மலையாளத்தில் அதிகாரபூர்வமான ஒப்புதலாக மாறியது. ஒரு தமிழ் தெரிந்த சட்டத் தன்னார்வலர் முதல் நாளே உடன் இருந்திருந்தால் இந்த வழக்கின் போக்கே மாறியிருக்கும் என்று நம்புகிறேன்.

இல்லமும் ஊரும்

சட்டத்தோடு முரண்பட்டதாகப் பிடிக்கப்படும் குழந்தைகளில் மிகப் பெரும்பான்மையினர் பையன்கள். அதன் விளைவு, பெண்களுக்கான இல்லங்கள் எண்ணிக்கையில் குறைவு. குறைவாக இருப்பதால் தொலைவு அதிகம். தொலைவு அதிகம் என்பதால் ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்க முடியாத தாய் வந்து பார்ப்பதும் குறைவு. இளைஞர் நீதிக்காக ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற 1985ஆம் ஆண்டின் பெய்ஜிங் விதிகளில் 26.4ஆம் விதி, நிறுவனத்தில் உள்ள இளம் பெண்களுக்குக் கிடைக்கும் பராமரிப்பும் பாதுகாப்பும் பயிற்சியும் பையன்களுக்குக் கிடைப்பதைவிட எவ்வகையிலும் குறையக் கூடாது என்று வற்புறுத்துகிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கு அந்த 38 நாள்களில் கிடைத்தது தையல் வகுப்பு. அவளுடைய பாடப் புத்தகங்கள் வந்து சேரவில்லை. தமிழ்வழிப் பாடம் சொல்லித்தர ஆளும் இல்லை. அரையாண்டுத் தேர்வுக்கு அவள் தயாராகவே இல்லாமல் போய் அமர்ந்தாள்.

ஊர் அவளைப் பார்த்த விதம் இதைவிடக் கொடியது. ஏலக்காய் விஷயம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு பெண் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் இல்லை என்பதுதான் தெரிந்தது. உடன் பிடிபட்டவன் முறைப்பையன் என்பதும் தெரிந்தது. ஊர் வாயை மூட ஒரே வழி இருவருக்கும் பேசி முடித்து வைப்பதுதான் என்று பெரியவர்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். அவன் இருக்கும் வீட்டுப் பக்கம் ஓர் இரவுகூட அவள் தங்கக் கூடாது என்று கவலைப்பட்ட அமைப்பின் நடவடிக்கையே, அவளை அந்த வீட்டுக்கு வாழ்நாளெல்லாம் அனுப்பும் பேச்சுக்கு வழி திறந்துவிட்டது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அதைத் தடுக்கலாம். அந்தப் பேச்சை உண்டாக்கிய அவப்பெயரை அது துடைக்காது.

செய்திருக்கக்கூடியவை

முதல் இரவில் நாட்குறிப்புப் பதிவும், உறவுப் பெண்மணி ஒருவரின் பொறுப்பில் ஒப்படைப்பும், தாய்க்கு ஒரு தொலைபேசி அழைப்பும் போதுமானவை. ஞாயிற்றுக்கிழமை தாய் நேரில் வந்து நின்றபோதே தனி உறுப்பினர் அவரிடம் ஒப்படைத்திருக்கலாம். வெளி மாநிலக் குழந்தை என்பதற்காக இல்லத்தில் வைக்கத் தேவையில்லை: குழந்தையின் நலனுக்கு உகந்தது என்றால், விசாரணை முடிந்து இறுதி ஆணை வந்தபின் சொந்த மாவட்டத்தின் குழுமத்துக்கு மாற்றலாம் என்கிறது 95ஆம் பிரிவு, பெண் குழந்தையோடு பெண் காவல் அலுவலர் செல்ல வேண்டும் என்ற பாதுகாப்பும் அதிலேயே இருக்கிறது. தேனி மாவட்டத்தின் நன்னடத்தை அலுவலரிடம் வீட்டுச் சூழல் பற்றிக் கேட்டிருந்தால், மலைக்கு இப்பால் இருந்து ஊகித்து எழுத வேண்டிய தேவையும் இருந்திருக்காது. அறிக்கைக்குச் சட்டம் தரும் காலம் 15 நாள்கள். அது 24 நாள் ஆனதற்கு ஆள் பற்றாக்குறை காரணமாக இருக்கலாம்; சம்பூர்ணா பெஹுரா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் காலியிடங்களை நிரப்பும்படி சொன்னதும் இதற்காகத்தான். ஆனால் அறிக்கை தாமதமாவது பிணையைத் தாமதப்படுத்த எந்தக் காரணமும் ஆகாது. பிணைக்கு அறிக்கை முன்நிபந்தனை அல்ல.

ஜாமீன் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாத குழந்தையைக் குழுமத்தின் முன் கொண்டுவந்து நிபந்தனையை மாற்றக் கேட்க வேண்டும் என்று 12(4) சொல்கிறது. அதாவது 31ஆம் நாளே அவள் மீண்டும் குழுமத்தின் முன் நின்றிருக்க வேண்டும். இல்லத்தில் இருந்த யாருக்கும் அது தங்கள் வேலை என்று தோன்றவில்லை. மாதம் ஒரு முறையாவது இல்லங்களைப் பார்வையிடுவது குழுமத்தின் பணிகளில் ஒன்று, பார்வையிட வருபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பிணை கிடைத்தும் இங்கே இருப்பவர்கள் யார்?" என்பதாக இருக்கட்டும்.

குழுமத்தின் இரு சமூகப் பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று 4ஆம் பிரிவு கேட்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. "இரவில் ஆணுடன்" என்ற வாக்கியத்தை எழுதுபவர் பெண்ணாகவும் இருக்கலாம். இதைவிட எளிதாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒரே சம்பவத்தில் பையனும் பெண்ணும் பிடிபட்டால், இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து, ஒன்றில் இருக்கும் ஒவ்வொரு குறையும் மற்றொன்றில் ஏன் இல்லை என்று கேட்ட பிறகே ஆணை எழுதுவது என்ற வழக்கத்தைக் குழுமங்கள் ஏற்படுத்திக்கொள்ளலாம். அதற்குச் சட்டத் திருத்தமோ நிதியோ தேவையில்லை.

இப்போது மிச்சம் இருப்பது பதிவேடுகள். 24ஆம் பிரிவின்படி இந்த வழக்கு அவர்கள் இருவரின் எதிர்காலத்துக்கும் எந்தத் தகுதிக் குறைவையும் உண்டாக்காது. உரிய காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்கவும் குழுமம் ஆணையிட வேண்டும். பையனுக்கு அழிக்க வேண்டியது ஒரு வழக்குக் கோப்பு. பெண்ணுக்கோ நிலையத்து ஏடு, முதல் இரவின் விடுதிப் பதிவேடு, வேறொரு மாவட்டத்து இல்லத்தின் சேர்க்கைப் பதிவேடு, மருத்துவப் பரிசோதனைத் தாள் என நான்கு இடங்களில் அவள் பெயர் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் செவிலியர் படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவள் விருப்பம். நன்னடத்தைச் சான்று கேட்கும் நாளுக்கு முன்பாக, அந்த நான்கு இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு அழிப்பாணை கேட்கும் மனுவைச் சட்ட உதவி வழக்கறிஞர் இப்போதே எழுதி வைத்திருக்க வேண்டும். அதன் தமிழ்ப் படி ஒன்று தாயின் கையில் இருக்க வேண்டும்.